தெற்கே இருந்த அந்தப் பெரிய கண்டம் எங்க போச்சு

போன வருஷம் ஆபீஸ் வேலையா நெதர்லாந்து போய் யூட்ரெக்ட்ல நாலு வாரம் தங்க வேண்டி இருந்துச்சு. எனக்குக் குடுத்த ரூம்ல கட்டிலுக்கு எதிர் சுவத்துல ஒரு பழைய உலக மேப்போட பிரிண்ட் மாட்டியிருந்தாங்க. முதல் ரெண்டு நாள் அதை நான் சரியா பாக்கவே இல்ல, அழகுக்கு மாட்டின ஏதோ படம்னு விட்டுட்டேன். மூணாவது நாள் ராத்திரி தூக்கம் வராம எழுந்து லைட்டைப் போட்டு கிட்ட போய் நின்னேன், அதுக்கப்புறம் அந்த நாலு வாரமும் தினம் ராத்திரி அது முன்னாடி கொஞ்ச நேரம் நிக்காம நான் படுக்கல.

அது 1630ல ஆம்ஸ்டர்டாம்ல ஹென்ரிகஸ் ஹோண்டியஸ் வெளியிட்ட மேப். ரெண்டு பெரிய வட்டம், இடது பக்கம் அமெரிக்கா, வலது பக்கம் நம்ம பக்கத்து உலகம். நாலு மூலையிலயும் நாலு முகம், மேல ஜூலியஸ் சீசரும் பழங்காலப் புவியியல் மேதை டாலமியும், கீழ மேப்காரர் மெர்க்கேட்டரும் ஹென்ரிகஸோட அப்பா யோடோகஸ் ஹோண்டியஸும். நடுநடுவுல நெருப்பு, காத்து, தண்ணி, மண்ணுன்னு நாலு பூதத்துக்கும் படம், கீழ நடுவுல ஆசியா ஆப்பிரிக்கா அமெரிக்கா எல்லாம் ஐரோப்பாவுக்கு மரியாதை பண்ற மாதிரி ஒரு காட்சி. இவ்வளவு நெருக்கமா அலங்காரம் பண்ணின தாள்ல, நியூ கினியாவுக்குக் கீழ ஒரு சின்ன கடற்கரைத் துண்டு மட்டும் தனியா தொங்குது. அது ஆஸ்திரேலியா. ஆஸ்திரேலியாவோட வடக்கு ஓரத்துல கேப் யார்க் பக்கம் 1623ல டச்சு மாலுமி கார்ஸ்டென்ஸோட கப்பல் பாத்துட்டு வந்த துண்டு. பாத்த வரைக்கும் போட்டிருக்காங்க, அதோட கோடு நின்னுடுச்சு.

அந்த நின்னு போன கோடு தான் என்னை இழுத்துச்சு. இந்த மாதிரி மேப்ஸ் பத்தி எல்லாரும் சொல்ற ஒரு விஷயம் இருக்கு, தெரியாத இடத்தை மறைக்கத்தான் கப்பல், கடல் பிராணி, பூச்சட்டம் எல்லாம் போட்டு ரொப்பினாங்கன்னு. கொஞ்சம் உண்மை அதுல இருக்கு தான். ஆனா பதினேழாம் நூற்றாண்டு டச்சு மேப்புகளை ஒன்னுக்குப் பின்னாடி ஒன்னா வரிசையா வச்சுப் பாத்தா வேற ஒரு கதை தெரியுது, அது போட்டதோட கதை இல்ல, தெற்கே இருக்குன்னு நம்பி வரைஞ்ச ஒரு பெரிய கண்டத்தை அழிச்சதோட கதை. அதைப் பத்தி தான் எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன்.

முதல்ல கடைங்களைப் பத்தி சொல்லிடறேன், ஏன்னா இது முழுக்க முழுக்க ஒரு வியாபாரம், அது புரிஞ்சா தான் மத்தது புரியும். ஒரு சனிக்கிழமை ட்ரெயின் புடிச்சு ஆம்ஸ்டர்டாம் போனேன். சென்ட்ரல் ஸ்டேஷன்ல எறங்கி நேரா நடந்தா டாம்ராக்னு ஒரு பெரிய ரோடு, ட்ராம் ஓடுது, ரெண்டு பக்கமும் டூரிஸ்ட் கடை. அந்தக் காலத்துல அது ரோடு இல்ல, தண்ணி. கப்பல்ல வர்ற சரக்கெல்லாம் ஊருக்குள்ள நுழையற வழி, அந்த இடத்துக்கே "தண்ணி மேல"ன்னு தான் பேரு. அந்தக் கரையில தான் வில்லம் யான்ஸோன் பிளாவ் கடை வச்சிருந்தார், கடைக்குப் பேரு "தங்க சூரியக் கடிகாரம்". இவர் 1595, 96 வாக்குல டென்மார்க்ல ஹ்வென் தீவுக்குப் போய் டைக்கோ பிராஹேகிட்ட வானியல் கத்துக்கிட்டு வந்தவர், அதனால தான் அந்தப் பேரு. மாலுமிங்க எறங்கற எடத்துலயே கடை, கடல் மேப், குளோப், கருவின்னு எல்லாம் விப்பார், வர்றவங்க சொல்ற சேதியும் முதல்ல அவர் காதுல விழும்.

ஹோண்டியஸ் கடைக்குப் பேரு "விழிச்சிருக்கிற நாய்". டச்சுல ஹோண்ட்னா நாய், சொந்தப் பேரையே போர்டா மாட்டிட்டாங்க. விஸ்ஸர்னு இன்னொரு மேப்காரக் குடும்பம், விஸ்ஸர்னா மீனவன், அவங்க கடைப் பேரு "மீனவன்", அவங்க போட்ட படங்கள்ல எங்கயாவது ஒரு ஓரத்துல ஒரு மீனவனைச் சின்னதா வரைஞ்சு வச்சிருப்பாங்க, அதுவே கையெழுத்து மாதிரி. இவங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் கொஞ்ச தூரத்துல தான் கடை வச்சிருந்தாங்க.

பிளாவுக்கு அந்தப் பேரு கூட போட்டியால தான் வந்துச்சு. அவர் ஆரம்பத்துல வில்லம் யான்ஸோன்னு தான் கையெழுத்து போட்டார், லத்தீன்ல எழுதினா யான்சோனியஸ். பக்கத்துலயே யோஹான்னஸ் யான்சோனியஸ்னு ஒருத்தர் அதே தொழில் பண்றார், வாங்கறவங்களுக்கு யாரோட மேப்னே தெரியல. அதனால 1621 வாக்குல தாத்தாவோட பட்டப் பேரான பிளாவ்ங்கறதை எடுத்து ஒட்டிக்கிட்டார், நீலம்னு அர்த்தம்.

இந்த யான்சோனியஸ் ஹோண்டியஸ் வீட்டு மாப்பிள்ளை. பெரியவர் யோடோகஸ் ஹோண்டியஸ் 1604ல மெர்க்கேட்டரோட செப்புத் தகடுகளை விலைக்கு வாங்கி, 1606ல புது மேப்புகளைச் சேத்து அட்லஸா போட்டவர். 1612ல அவர் இறந்ததும் மனைவி கொலெட்டும் பசங்களும் கடையை நடத்தினாங்க, அப்புறம் அண்ணன் தம்பிக்குள்ள பிரிவு வந்து ஆளுக்கொரு பக்கம் போய்ட்டாங்க. மூத்தவர் யோடோகஸ், அப்பா பேரே தான், தனியா ஒரு அட்லஸுக்குத் தகடு செதுக்கி வச்சிருந்தார், 1629ல திடீர்னு இறந்துட்டார். அந்தத் தகடுகள் கிட்டத்தட்ட நாப்பது, அதைப் போய் பிளாவ் வாங்கிட்டார்! வாங்கி ஹோண்டியஸ் பேரை எடுத்துட்டு தன் பேரைப் போட்டு அடுத்த வருஷமே 60 மேப்போட ஒரு புக்கா வெளியிட்டார். தம்பி ஹென்ரிகஸும் மாப்பிள்ளை யான்சோனியஸும் ஆடிப் போய்ட்டாங்க. உடனே ஆள் புடிச்சு அதே மேப்புகளை அப்படியே காப்பி அடிச்சு புதுத் தகடு செதுக்கச் சொல்லி 1630 மார்ச்ல ஒப்பந்தம் போட்டாங்க.

என் ரூம் சுவத்துல இருந்த மேப் அதே வருஷம் வந்தது. இது தெரிஞ்சதுக்கப்புறம் அந்த மூலையில இருக்கிற முகத்தை நான் பாக்கற விதமே மாறிடுச்சு. அண்ணன் போய்ட்டார், அண்ணனோட தகடு எதிராளி கையில இருக்கு, அந்த நேரத்துல தம்பி அப்பாவோட முகத்தை எடுத்து மெர்க்கேட்டர் பக்கத்துல வச்சு, மேல சீசரையும் டாலமியையும் வச்சு, இந்தத் தொழில் எங்க வீட்டோடதுன்னு உலகத்துக்கே சொல்றார். அலங்காரம்னு நாம சுலபமா தாண்டிப் போற எடத்துல ஒரு குடும்பத்தோட வலியும் ரோஷமும் இருக்கு.

சரி இப்ப அந்தத் தெற்குக் கண்டத்துக்கு வரேன்.

பிளாவ் 1606 வாக்குல ஒத்தைத் தாள்ல ஒரு உலக மேப் போட்டார், செதுக்கினவர் யோசுவா வான் டென் எண்டே. என்னைக் கேட்டா உலகத்துலயே அழகான மேப் அது தான். மேல ஏழு கிரகம், அதாவது அந்தக் காலக் கணக்குப்படி சூரியன் சந்திரனையும் சேத்து ஏழு, ஒவ்வொன்னும் ஒரு தேவதையா வருது. இடது ஓரம் நாலு பூதம். வலது ஓரம் நாலு பருவம். கீழ ஏழு அதிசயம், பாபிலோன் தோட்டம், பிரமிடு, ரோட்ஸ் தீவுல இருந்த பெரிய சிலை எல்லாம். நடுவுல மெர்க்கேட்டர் முறையில விரிச்ச உலகம். அந்த உலகத்தோட அடிப்பகுதியில இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே நிலம், "டெர்ரா ஆஸ்ட்ராலிஸ்"னு பேரு, தெற்கு நிலம்னு அர்த்தம். யாரும் அதைப் பாத்ததில்ல. வடக்குல இவ்வளவு நிலம் இருந்தா தெற்குலயும் அதுக்கு ஈடா இருந்தே ஆகணும்னு ரொம்ப காலமா ஒரு நம்பிக்கை, மெகல்லன் 1520ல அந்த ஜலசந்தியில போறப்ப தெக்குப் பக்கம் பாத்த டியெர்ரா டெல் ஃபுவேகோவை அந்தக் கண்டத்தோட ஓரம்னு நெனச்சுட்டாங்க, அவ்வளவு தான் ஆதாரம்.

இதுல எனக்கு மெய் சிலிர்த்த ஒரு விஷயம் சொல்றேன். அதே 1606ல, ஜாவா பக்கத்துல இருந்து வந்த டைஃப்கன்னு ஒரு சின்ன டச்சுக் கப்பல் கேப் யார்க்கைப் பாக்குது, ஐரோப்பாக்காரங்க ஆஸ்திரேலியாவைப் பாத்ததுன்னு பதிவு இருக்கிறதுல அது தான் முதல். அந்தக் கப்பல் கேப்டன் பேரும் வில்லம் யான்ஸோன். வேற ஆள், சொந்தம் கூட இல்ல. ஒரு வில்லம் யான்ஸோன் ஆம்ஸ்டர்டாம்ல உக்காந்து இல்லாத கண்டத்தைச் செம்புல வெட்ட வைக்கறப்ப, இன்னொரு வில்லம் யான்ஸோன் உலகத்தோட மறுபக்கம் இருக்கிற கண்டத்தைக் கண்ணால பாக்கறார், பாத்தது ஒரு புதுக் கண்டம்னு அவருக்கே தெரியாது, நியூ கினியாவோட தொடர்ச்சின்னு நெனச்சுட்டுத் திரும்பிட்டார்.

செம்புல வெட்றதுன்னு சொன்னேன்ல, அதை இன்னும் கொஞ்சம் சொல்லணும். வழவழன்னு தேச்ச செப்புத் தகடு, அதுல பியூரின்னு ஒரு சின்ன கூரான உளியை உள்ளங்கையில வச்சுத் தள்ளித் தள்ளிக் கோடு இழுப்பாங்க, எழுத்து எல்லாம் கண்ணாடியில தெரியற மாதிரி தலைகீழா வெட்டணும். அப்புறம் ஆளி விதை எண்ணெயில குழைச்ச கறுப்பு மையை தகடு முழுக்கத் தேச்சு, மேல இருக்கிறதைத் துணியாலயும் உள்ளங்கையாலயும் தொடச்சு எடுத்துட்டா வெட்டின பள்ளத்துல மட்டும் மை நிக்கும். அது மேல ஈரமான தாளை வச்சு, தாள் மேல கம்பளி வச்சு, ரெண்டு உருளைக்கு நடுவுல விட்டு இழுத்தா அந்த அழுத்தத்துல ஈரத் தாள் பள்ளத்துக்குள்ள எறங்கி மையை எடுத்துட்டு வரும். ஒரிஜினலைக் கிட்டப் போய் பாத்தீங்கன்னா தகடோட விளிம்பு தாள்ல ஒரு சட்டம் மாதிரி அழுந்தி இருக்கும்.

சரி, தப்பா வெட்டிட்டா? இல்ல புதுச் சேதி வந்து பழைய கோடு தப்புன்னு ஆயிட்டா? ரப்பர் வச்சு அழிக்கற வேலை இல்ல. அந்த இடத்தை மொதல்ல சுரண்டணும், சுரண்டினா அங்க பள்ளம் ஆயிடும், அப்புறம் தகட்டைத் திருப்பிப் போட்டு பின்னாடி இருந்து சுத்தியால தட்டித் தட்டி அந்த இடத்தை மேல கொண்டு வரணும், மறுபடி தேச்சு வழவழப்பாக்கி அப்புறம் தான் புதுக் கோடு. ஒரு தீவை நகத்தறதுக்கே அவ்வளவு வேலை. அதனால தான் பாதி மேப்புகள் அப்படியே விட்டுட்டாங்க. பிளாவோட அந்த 1606 தகடே சின்னச் சின்ன திருத்தத்தோட அம்பது வருஷத்துக்கு அச்சுல வந்துட்டிருந்துச்சு. 1616ல ஸ்கௌட்டன், லெ மேர்னு ரெண்டு டச்சு மாலுமிங்க டியெர்ரா டெல் ஃபுவேகோவுக்குத் தெக்கால சுத்திட்டு வந்து, அது கண்டமும் இல்ல ஒன்னும் இல்ல தீவு தான்னு நிரூபிச்சுட்டாங்க. அவங்க சுத்தின முனைக்கு ஹோர்ன்ங்கற டச்சு ஊரோட பேரையே வச்சாங்க, கேப் ஹார்ன்னு நாம சொல்றது அது தான். பிளாவ் அந்த எடத்துல மட்டும் தகட்டைத் திருத்தினார். மத்த எடத்துல தெற்குக் கண்டம் அப்படியே இருந்துச்சு.

இதுல இன்னொன்னும் இருக்கு. புதுச் சேதி எல்லாம் கிடைச்சும் போட முடியாது. 1602ல ஆரம்பிச்ச டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு தனி மேப் ஆபீஸ் இருந்துச்சு, கப்பலுக்குக் குடுக்கற மேப் எல்லாம் கையால வரைஞ்சது, பயணம் முடிஞ்சு வந்ததும் திருப்பிக் குடுக்கணும், வெளிய விடக் கூடாது. அந்த ஆபீஸுக்கு 1633ல தலைமை மேப்காரரா வந்தவர் பிளாவே தான், 1638ல அவர் இறந்ததும் பையன் யோவான் பிளாவ். அதாவது, கடையில விக்கற மேப்பும் அவங்களது, ரகசிய மேப்பும் அவங்க கையில. நம்ம பழவேற்காடு இந்தக் கதைக்குள்ள வர்றது இங்க தான், 1613ல அங்க கெல்ட்ரியா கோட்டை கட்டி, சோழமண்டலக் கரையில நெய்த துணியை வாங்கி, அதைக் கொண்டு போய் மசாலாத் தீவுகள்ல குடுத்து ஜாதிக்காயும் கிராம்பும் வாங்கினாங்க, 1633க்கு அப்புறம் அந்த வழித்தடத்தோட மேப் ஆம்ஸ்டர்டாம்ல இந்த ரெண்டு பேர் மேஜையில இருந்து தான் போச்சு. பிளாவ் அட்லஸ்ல ஆசியா பக்கத்தைத் திறந்தா நம்ம ஊர்ப் பேரெல்லாம் போர்ச்சுகீசியர் காது வழியா போன ஒலியில எழுதியிருக்கும், நான் விரலை வச்சு ஒவ்வொன்னா படிச்சு நாகப்பட்டினத்தைக் கண்டுபிடிச்சப்ப வந்த சந்தோஷம் தனி.

யோவான் பிளாவ் 1648ல ஒரு பெரிய சுவர் மேப் போட்டார். ரெண்டு மீட்டர் உயரம், மூணு மீட்டர் அகலம் வரும். பல தகடுல தனித்தனியா அச்சடிச்சு துணி மேல ஒட்டறது. எம்பது வருஷ யுத்தம் முடிஞ்சு ஸ்பெயினோட மூன்ஸ்டர்ல சமாதானம் ஆன வருஷம், மேப்பை ஸ்பெயின் பிரதிநிதி பெனராண்டா பிரபுவுக்கே காணிக்கை ஆக்கியிருக்கார். ரெண்டு வட்டத்துக்கும் நடுவுல மேல சூரியனை நடுவுல வச்சு கோப்பர்னிகஸ் சொன்ன கிரக அமைப்போட படம், கலிலியோவுக்கு ரோம்ல தண்டனை குடுத்து 15 வருஷம் தான் ஆகியிருந்துச்சு, ஒரு கத்தோலிக்க பிரபுவுக்கு அர்ப்பணிச்ச மேப்ல அதைத் தைரியமா போட்டிருக்கார்.

அந்த மேப்போட தெற்கைப் பாருங்க. கண்டம் இல்ல. அப்பா செதுக்க வச்சு வித்த அந்த நிலம் மொத்தமா காணோம். அதுக்குப் பதிலா டச்சு மாலுமி டாஸ்மன் 1642லயும் 1644லயும், அவருக்கு முன்னாடி மத்த டச்சுக் கப்பல்காரங்களும் போய் பாத்துட்டு வந்தது மட்டும் இருக்கு, ஆஸ்திரேலியாவோட மேற்கு ஓரம், வடக்கு ஓரம், தெற்குல கொஞ்சம், டாஸ்மேனியாவோட அடிப்பக்கம், நியூசிலாந்தோட ஒரு பக்கக் கரை. மீதி எல்லாம் வெறும் தாள். மூணு மீட்டர் மேப்ல அவ்வளவு வெறுமையை விடறதுக்கு எவ்வளவு நெஞ்சுத் துணிவு வேணும்னு யோசிச்சுப் பாருங்க, காசு குடுத்து வாங்கறவங்க நிறைய இருக்கணும்னு தான் எதிர்பார்ப்பாங்க, போட்டிக்காரங்க அங்க ஒரு கண்டத்தையே போட்டு வித்துட்டிருக்காங்க.

எல்லாமே முன்னாடி தான் போச்சுன்னு சொல்ல வரல. கலிஃபோர்னியாவை எடுத்துக்கோங்க, 1606 மேப்ல அது ஒழுங்கா நிலத்தோட ஒட்டியிருக்கு, என் ரூம்ல இருந்த 1630 மேப்ல தீவா பிரிஞ்சு கடல்ல நிக்குது. நடுவுல எங்கயோ ஒரு தப்பான சேதி வந்து அதை எல்லாரும் காப்பி அடிச்சு, நூறு வருஷத்துக்கு மேல தீவாவே இருந்துச்சு, 1747ல ஸ்பெயின் ராஜா அது தீவு இல்லன்னு உத்தரவு போட வேண்டியதாப் போச்சு. யோவான் பிளாவே கூட 1662ல போட்ட பதினோரு வால்யூம் பெரிய அட்லஸ்ல, கிட்டத்தட்ட 600 மேப், கலர் பண்ணினது 430 கில்டர், அந்தக் காலத்துல ஒரு கைவேலைக்காரர் வருஷம் முழுக்க உழைச்சாலும் அதை வாங்க முடியாது, அவ்வளவு விலை வச்ச அதுல நிறைய பழைய தகடுகளையே மறுபடி ஓட்டியிருக்கார். எனக்கு இதுல வருத்தம் தான். 1672ல அவங்க பிரஸ் தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சு, அடுத்த வருஷம் அவரும் போய்ட்டார்.

சுவர் மேப்புகளோட கதி இன்னும் மோசம். அட்லஸ்ல இருந்தா மூடி வச்சிருப்பாங்க, தப்பிச்சுடும். சுவத்துல தொங்கறது வெயில், அடுப்புப் புகை, ஈரம் எல்லாத்தையும் தாங்கணும், மேல பூசின வார்னிஷ் பழுத்து வெடிச்சு உதிரும். பச்சை கலர் வேற செம்புக் களிம்புல செஞ்சது, அது காலப் போக்குல தாளையே அரிச்சு பழுப்பாக்கி உடைச்சுடும், சில மேப்ல நாட்டு எல்லைக்குப் பச்சை பூசின இடத்துலயே தாள் கோடு கோடா கிழிஞ்சிருக்கும். பிளாவ் 1605ல போட்ட பெரிய சுவர் மேப் இப்ப ஒன்னே ஒன்னு தான் மிச்சம், நியூயார்க்ல இருக்கு. ஸ்காட்லாந்துல அபர்டீன் பக்கம் ஒரு வீட்டுல கந்தல் மூட்டை மாதிரி கண்டெடுத்த ஒன்னை பிளாஸ்டிக் பையில போட்டு நேஷனல் லைப்ரரிக்குக் கொண்டு வந்தாங்களாம், பிரிச்சுப் பாத்தா ஜெரால்ட் வால்க் போட்ட உலக மேப், உலகத்துலயே மூணு தான் இருக்கு. எத்தனை இப்படிப் போச்சோன்னு நெனச்சா மனசு கனத்துப் போகுது. அதெல்லாம் வீட்டுச் சுவத்துல எப்படி இருந்துச்சுன்னு நமக்குத் தெரியறதே வெர்மீர் மாதிரி ஓவியர்களால தான், அவர் ஓவியத்துல சுவத்துல இருக்கிற மேப் எதுன்னு அடையாளமே சொல்ல முடியற அளவுக்கு சுத்தமா வரைஞ்சிருக்கார்.

அந்தச் சனிக்கிழமை டாம்ராக் முடியற இடத்துல இருக்கிற அரண்மனைக்குள்ள போனேன். 1655ல திறந்தப்ப அது நகர சபைக் கட்டிடம். நடு ஹால்ல தரையில மூணு பெரிய வட்டம், ஒவ்வொன்னும் ஆறு மீட்டருக்கு மேல, சலவைக் கல்லுல உலகத்தோட ரெண்டு பாதி, நடுவுல வானம். யோவான் பிளாவோட மேப்பை வச்சு தான் அதைப் பண்ணினாங்க. ஜனங்க நடந்து நடந்து முதல்ல போட்டது தேஞ்சு போய், பதினெட்டாம் நூற்றாண்டு நடுவுல மறுபடி புதுசா போட்டாங்க, இப்ப இருக்கிறது அது. கிழக்குப் பாதியில போய் தேடினேன், ஆஸ்திரேலியாவுக்கு அப்ப இருந்த பேரான நோவா ஹாலண்டியான்னு எழுதியிருக்கு, மேற்குக் கரை இருக்கு, வடக்குக் கரை இருக்கு, கிழக்குப் பக்கம் கோடு இல்ல. புதுசா தரை போட்டப்பவும் ஐரோப்பாக்காரங்க யாரும் அங்க போயிருக்கல, கேப்டன் குக் போனது 1770ல தான், அதனால நூறு வருஷம் கழிச்சு கல்லு வெட்டினவங்களும் அந்த இடத்தை அப்படியே வெறுமையா விட்டுட்டாங்க. மெல்பர்ன்ல இருக்கிற என் தங்கச்சிக்கு வீடியோ கால் போட்டு போனைத் தரைப் பக்கம் திருப்பிக் காட்டினேன். "அண்ணா, எங்க ஊரு எங்க இருக்கு"ன்னு கேட்டா. நான் நின்னுட்டிருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கோடு எதுவும் இல்லாத கல்லுல இருந்துச்சு அது.